அட்டையில் ஒரு மருந்தின் பெயர்

கண் விழித்தபோது தலையில் கட்டுப் போட்டிருந்தது. அருகில் நின்ற டொக்டர் என் பெயரைக் கேட்கவில்லை. கைப்பையிலிருந்த அடையாள அட்டையைப் பார்த்து அதை முன்பே தெரிந்துகொண்டிருந்தார்.

"வாஃபரின் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஈசிஜி எடுக்கக்குள்ளதான் நெஞ்சில தழும்பக் கண்டம். அதுக்குள்ள தலைக்குள்ள இரத்தம் கசியத் தொடங்கிட்டு."

வாஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எனக்கு வாழ்நாள் மருந்து. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் (தொண்டை நோவுக்குப் பின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் நோய்) இதய வால்வைக் கெடுத்திருந்தது. நிந்தவூரில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறவே மூச்சு முட்டிய பிறகுதான் அது தெரிய வந்தது. கொழும்பில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள்.

ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பில் ஏதோ படிக்கப் போனதாக உம்மா அயலவர்களிடம் சொல்லி வைத்தா.

தலையில் அடிபட்ட அன்று வேலைக்காகக் கல்முனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குறுக்கே வந்த மாட்டுக்காக பஸ் சடுதியாக நின்றதில் தலை கம்பியில் மோதியது. பக்கத்தில் இருந்த தமிழ் அக்கா ஒருவர் என்னை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்னைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. இரத்தம் உறைய வைக்கும் ஊசி ஏறும்வரை நான் பிழைப்பேனா இல்லையா என்று டொக்டருக்கே நிச்சயமில்லை.

வீடு திரும்பி ஓரளவு தேறியபின், பழையதற்குப் பதிலாகப் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விரும்பினால் மட்டும் மருத்துவ விபரமும் சேர்க்கலாம் என்றார்கள்.

உம்மாவுக்கு அதைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது. "அட்டைய எத்தின பேர் பாப்பாங்க, மகள்? பேங்க்ல, கந்தோர்ல, சோதனைச் சாவடியில. மாப்பிள்ள வீட்டுக்குக் கதை போகாதா?"

"அண்டைக்கு நான் பேச்சுமூச்சில்லாமக் கிடந்தன், உம்மா. இன்னொருக்கா அப்பிடி விழுந்தா ஆரு சொல்லுற?"

அப்படிச் சொன்னாலும் எனக்குத் துணிவு வந்துவிடவில்லை. ஆட்கள் அட்டையைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தாலே பயமாக இருந்தது.

விண்ணப்பம் கொடுக்கப் போன அரசாங்கக் கந்தோரில் நல்ல கூட்டம். எங்களுக்குப் பின்னால் எங்கள் தெருப் பெண்கள் இருவர் நின்றார்கள். உத்தியோகத்தர் உரத்த குரலில், "மருத்துவ விபரம் போடுறதா, தங்கச்சி? என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"நெஞ்சில வால்வு மாத்தின புள்ள," என்றா உம்மா. "வாஃபரின் குடிக்கிறா. அந்த மருந்துட பேரப் போடுங்க. பெரிசா விளங்கிற மாதிரிப் போடுங்க."

உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டா. பின்னால் பேச்சு நின்றது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கலியாணம் பேசிவந்த வீட்டிலிருந்து அதன் பிறகு எவரும் வரவில்லை. அட்டைதான் காரணமா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. அதனால், இதை வாசிப்பவர்களில் இதே மருந்தைக் குடிக்கும் உங்களிடம் 'நீங்களும் அட்டையில் சேருங்கள்' என்று இலேசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்த்த பிறகும் பயம் போகவில்லை. முன்பு தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது, தேவைப்படும் நேரத்தில் எவரும் அட்டையைப் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறேன்.

போன கிழமை மீன் வெட்டும்போது விரலில் கத்தி பட்டது. முன்பென்றால் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பேன். இப்போது விரலை அழுத்திப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். என் இரத்தம் உறைய மற்றவர்களுடையதைவிட நேரம் எடுக்கும். அந்த நேரத்தை நான் நின்றுதான் கடக்க வேண்டும். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றா. இரத்தம் நின்ற பிறகுதான் மறுபடி அடுப்பை மூட்டப் போனா.