மூடக்கூடாத குழாய்

1. கார்த்திகை மழை தொடங்கிய வாரத்தில், எங்கள் விடுதிக் கொதிகலனின் வடிகுழாய் முனையில் திருகித் திறக்கும் ஒரு பித்தளை டெப் மாட்டப்பட்டு, இறுக்கி மூடியிருப்பதைக் கண்டேன்.
2. எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துப் போடச் சொன்னேன்.
3. வார்டன் மிஸ் வேண்டாம் என்றார்.
4. விறகு வெளியே வந்தது. கொதிகலன் ஆறியதும் அடுப்புக் கதவைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொண்டேன்.
5. பரிபாலன சபைக்கு அறிக்கை எழுதினேன்.
6. வார்டன் மிஸ் வேலையை விட்டுப் போனார்.

எதையும் இப்படி எண் போட்டு எழுதுவது என் பழக்கம். ஆனால் இந்த ஆறு வரிகளுக்கு இடையில் நடந்தவை எண்ணுக்குள் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பண்டாரவளை என்ற மலையூரில் அந்தப் பரிபாலன சபை நடத்தும் மாடிக் கட்டிடம் அது. கீழ்மாடியில் முதியோர் இல்லம். மேல்மாடியில் என்னைப் போல வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. பின்புறக் கொட்டிலில் இருந்த ஒரே விறகுக் கொதிகலன்தான் இரண்டு மாடிகளுக்கும் சுடுதண்ணீர் கொடுத்தது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் பதுளை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்ந்த பெண்கள். பனியிலும் மழையிலும் நின்று தேய்ந்த முழங்கால்கள் அவர்களுடையவை. அந்த ஊர்க் குளிரில் சுடுதண்ணீர் அவர்களுக்கு ஆடம்பரமல்ல, மருந்து. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தேன். கொதிகலனுக்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளர் வேண்டும், ஆண்டுதோறும் பரிசோதனை நடக்க வேண்டும் என்று காப்புறுதிக் கம்பனி கேட்டபோது, வார்டன் மிஸ் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். “ஒம்பேரப் போட்டுட்டேன் புள்ள. நீ ஒண்ணும் செய்ய வேணாம், இருந்தாப் போதும்” என்றார். பெயர் இருந்தால் மாதம் ஒரு முறையாவது பார்ப்பேன் என்றேன். “பாரு, பாரு. யாரு வேணாங்குறா” என்று சிரித்தார்.

அவர் ஹாலிஎலக்காரர். தோட்டப் பாடசாலையில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதையும் வீணாக்க மாட்டார். கரைந்து மெலிந்த சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து உருட்டிப் புதுக் கட்டியாக்குவார். மேல்மாடியில் ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால் கீழிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்த அறை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்பது எங்களுக்குப் பிடிபடவே இல்லை. முதியவர்களைக் குளிக்க வைக்கும் முன் வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பார். எல்லோரும் குளித்து முடித்த பிறகு, மிஞ்சியதில்தான் அவர் குளிப்பார்.

அந்த டெப் வந்த கதையும் இந்தச் சிக்கனத்தின் கதைதான். கொதிகலனுக்குள் அழுத்தம் கூடினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, சுடுதண்ணீரையும் ஆவியையும் ஒரு வடிகுழாய் வழியாக வெளியே தள்ளும். அந்தக் குழாயின் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். எங்கள் வால்வு தேய்ந்து, கொஞ்ச நாளாகச் சொட்டத் தொடங்கியிருந்தது. கீழ்மாடிப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். லயத்து வரிசை வீடுகளின் மூலையில் மலைத்தண்ணீர் விழும் பீலியில், குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு குழாயிலிருந்து தண்ணீர், அதுவும் சுடுதண்ணீர், சும்மா மண்ணில் விழுவதை அவர்களால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? முதலில் ஒரு வாளியை வைத்தார்கள். வெடித்த பாதங்களை அதில் ஊறவைத்தார்கள். பிறகு, யாரும் எடுக்காத வேளையில் விழுவதும் வீணாகக் கூடாது என்று வார்டன் மிஸ்ஸிடம் ஒரு டெப் கேட்டார்கள். அதற்குச் சுடுதண்ணிப் பீலி என்று பெயரும் வைத்தார்கள். தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

நான் பார்த்தபோது அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. விறகு போடும் அண்ணனிடம் அடுப்பைக் காலியாக்கச் சொன்னேன். அழுத்தம் இறங்குவதற்காக, மேல்மாடிக் குளியலறைகளில் இருந்த சுடுதண்ணீர்க் குழாய்கள் அத்தனையையும் திறந்துவிட்டேன்; கொட்டிலோர வடிகானில் தண்ணீர் ஆவி பறக்க ஓடியது. வார்டன் மிஸ் குடையோடு ஓடி வந்தார்.

“என்ன புள்ள இது, இவ்ளோ சுடுதண்ணியும் கான்ல போகுதே.”

“போகட்டும் மிஸ். குக்கர்ல ஆவி போற ஓட்டைய அடைச்சு வச்ச மாதிரி இருக்கு இது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெரியவங்க படுத்திருக்காங்க.”

முள் இறங்கும் வரை அவரும் நின்று அதையே பார்த்தார். இறங்கியதும் அடுப்புக் கதவுக்கு ஒரு பூட்டை எடுத்தேன். “டெப்பக் கழட்டிட்டாச் சரிதானே. அதுக்கு ஏன் அடுப்பப் பூட்டணும்?” என்றார்.

“எவ்ளோ நாளா மூடிக் கெடந்துச்சுன்னு தெரியாது மிஸ். வால்வையும் பொய்லரையும் பரிசோதகர் வந்து பாக்கணும். சபைக்கு எழுதணும்.”

“எழுதாத.”

ஏன் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய கொதிகலனால் தொல்லைதான் என்று சபையின் செயலாளர் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலைக்குக் கீழே, தூரத்து மொனராகலையில் சபைக்கு ஒரு வெற்றுக் கட்டிடம் இருந்தது. முதியவர்களை அங்கே மாற்றிவிடலாம், அது வெயில் ஊர், சுடுதண்ணீரே தேவைப்படாது என்று ஒரு கூட்டத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

“அங்க கொண்டுபோய்ப் போட்டா இதுங்களப் பாக்க யாரு வருவா?” என்றார் வார்டன் மிஸ். “இங்கன்னா ஞாயித்துக்கெழம ஒரு பஸ்ஸப் புடிச்சு மகளோ மருமகளோ வந்துட்டுப் போறாங்க. அங்கன்னா அடக்கத்துக்குத்தான் வருவாங்க.”

“நான் எழுதாம விட்டு ஏதாவது ஆச்சுன்னா, மொனராகலைக்கு அனுப்ப ஆளே இருக்காது மிஸ்.”

அவர் குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே நடந்து போனார்.

பரிசோதகர் கொழும்பிலிருந்து வரும்வரை சமையல் அடுப்பில் அண்டாக்களில் தண்ணீர் கொதித்தது. மேல்மாடியில் நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, வேலைக்குப் போகும் முன் கீழே வாளி சுமந்தோம். எனக்குச் சாவிக்காரி என்று பெயர் விழுந்தது. “இந்தா வர்றாடி சாவிக்காரி. பச்சத்தண்ணியையும் பூட்டிடப் போறா, சீக்கிரம் மொண்டு வைங்க” என்று வாசலோரக் கட்டிலில் இருந்த பாட்டி, எங்கள் எல்லோருக்கும் அம்மாயி, தினமும் சொல்வார். “நீங்க சொன்னா அதையும் பூட்டுறேன் அம்மாயி” என்பேன். “பூட்டுவ, பூட்டுவ, ஒனக்கென்ன, எளரத்தம்” என்பார். வார்டன் மிஸ்ஸும் எங்களோடு வாளி சுமந்தார். நான் கொண்டுவந்த தண்ணீரிலும் முழங்கையை விட்டுப் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பரிசோதகர் குளிர்ந்த நீரை அழுத்தத்தில் நிரப்பிச் சோதித்தார். எங்கும் கசியவில்லை, கொதிகலனின் உடல் உறுதியாக இருந்தது. வால்வை மட்டும் மாற்ற வேண்டும், அடுப்பைப் பயிற்சி பெற்றவர் நடத்த வேண்டும் என்றார். அறிக்கையில் இவற்றை வரிசையாக எழுதினேன். கடைசியில் ஒரு வாக்கியம் மிஞ்சியது: ‘கொதிகலனில் குறையில்லை; அதை நடத்திய முறையில்தான் தவறு.’ அந்த வாக்கியம் இல்லாவிட்டால் எல்லாப் பழியும் பழைய கொதிகலன் மேல் விழும், முதியவர்கள் மொனராகலைக்குப் போவார்கள். இருந்தால், நடத்தியது யார் என்ற கேள்வி வரும். இரண்டும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதினேன். அது உண்மை என்பதால் எழுதினேன். உண்மையாக இல்லாதிருந்தால் முதியவர்களுக்காகக்கூட எழுதியிருக்க மாட்டேன்.

அனுப்பும் முன் அவரிடம் காட்டினேன். சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். அது பழைய பழக்கம். அந்த வாக்கியத்தின் கீழ் பேனை நின்றது.

“இது உண்மதானே?”

“உண்மதான் மிஸ்.”

“அப்ப எதுக்கு எங்கிட்டக் காட்டுற?”

நான் கையை நீட்டினேன். தாளைத் திருப்பித் தந்து, “எழுத்துப் பிழ ஒண்ணும் இல்ல” என்றார்.

கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு முன் எங்கள் கட்டிடத்திலேயே சபை கூடியது. டெப்பை மாட்டச் சொன்னது யார் என்று செயலாளர் கேட்டார். வாசலில் நின்ற அம்மாயி, “நாங்கதாங்க கேட்டோம்” என்று குரல் கொடுத்தார். வார்டன் மிஸ் எழுந்து நின்றார். “அவங்க கேட்டாங்க. டவுன்லருந்து ஆளக் கூட்டியாந்து மாட்டச் சொன்னது நான். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” செயலாளர் பெருமூச்சு விட்டு, இதனால்தான் மொனராகலை என்று தொடங்கினார். வார்டன் மிஸ் உட்காரவில்லை. “பொய்லர்ல கொறையில்லன்னு எழுதியிருக்கு சேர். ரெண்டாம் பக்கம், கடைசி வசனம். சத்தமா வாசிங்க.”

செயலாளர் வாசித்தார். அதன் பிறகு கொதிகலனைப் பற்றிப் பேச எதுவும் இருக்கவில்லை. முதியவர்கள் இருப்பது என்றும், வார்டன் ஆண்டு முடிவோடு விலகுவது என்றும் தீர்மானமானது.

அவர் போன அன்று அவருடைய பெட்டியைப் புகையிரத நிலையம் வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மேடையில் வைத்ததும், “நீ எழுதினது சரிதான் புள்ள” என்றார். “அதுக்காக நான் ஒன்ன மன்னிக்கணும்னு இல்ல.”

“இல்ல மிஸ்” என்றேன்.

மறுபடி எழுத நேர்ந்தாலும் அதையேதான் எழுதுவேன். அவரும் மறுபடி எழுந்து நிற்பார். அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அதுதான்.

இன்றைய நிலை இது. கொதிகலனுக்குச் சான்றிதழ் இருக்கிறது. புதிய வார்டனுக்கும் விறகு போடும் அண்ணனுக்கும் நான் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பொறுப்பாளராக இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. வார்டன் மிஸ் ஹாலிஎலவில் தங்கையோடு இருக்கிறார். நான் இரண்டு முறை போனில் அழைத்தேன், தங்கைதான் பேசினார். மொனராகலைக்கு யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்மாடிக்கு ஆட்கள் வருகிறார்கள்.