கையுறை போட்ட கிறிஸ்மஸ் தாத்தா

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆராதனை முடிந்ததும், சர்ச் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிறிஸ்மஸ் தாத்தாவின் மடியில் பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வேறு எதற்கும் ஸ்டூடியோ பக்கம் எட்டிப் பார்க்காத அப்பா, இதற்கு மட்டும் புதுவாயல் வரை போய் ஃபிரேம் போட்டுக்கொண்டு வருவார். சுவரில் வரிசையாகத் தொங்கும் அந்தப் படங்களில் ஒன்றில்கூட நான் கேமராவைப் பார்க்கவில்லை. தாத்தாவின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் இருக்கிறது. தாத்தா வருடத்துக்கு ஒருவர். ஊர்க்காரர்களில் யாரோ ஒருவர் வேஷம் கட்டுவார். முகத்துக்கு பிளாஸ்டிக் முகமூடி, வயிற்றுக்குத் தலையணை. வாயைத் திறக்கக் கூடாது, மணி ஆட்டுவதோடு சரி. யாரென்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். மற்றதுகள் எல்லாம் முகமூடியின் கண் ஓட்டையில் எட்டிப் பார்த்து ஏமாந்துகொண்டிருக்க, கையைப் பார்த்தால் போதும் என்று நான் ஆறு வயதிலேயே தெரிந்துகொண்டேன். நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டை வைத்து எதிர்வீட்டு அண்ணனைப் பிடித்தேன். மறுவருடம் தாத்தாவின் மணிக்கட்டில் வளையல் தடம் இருந்தது. பார்த்தால், எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்! "இந்தப் பொண்ணுகிட்ட எதையும் மறைக்க முடியாதுப்பா" என்று பாஸ்டரே சொன்னார். அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

எனக்கு எட்டு வயதான வருடம் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்கள் வீட்டில் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டியவர். அந்த மிஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. கையை எப்போதும் ஒரு துண்டுக்குள் சுற்றி வைத்திருப்பார். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவார். கூட்டாளிகள் வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்வார்.

"நாலு பேரு மூஞ்சில முழிக்காம எத்தினி நாளுக்குடா இப்டியே குந்திக்கினு இருப்ப?" என்று அம்மா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சுவாள்.

எனக்கோ துண்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று தெரியாமல் மண்டை காய்ந்தது. ஒருநாள் அவர் தூங்கும்போது மெல்லத் துண்டைத் தூக்கப் போய், அம்மாவிடம் முதுகில் நன்றாக வாங்கினேன்.

அந்தக் கிறிஸ்மஸ் அன்றும் மாமாவுக்குத் தலைவலி என்று சொல்லித்தான் அம்மா எங்களைக் கிளப்பினாள். ஆராதனை முடிந்து சர்ச் வாசலுக்கு வந்தால், தாத்தா கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! கம்பெனியில் கொடுக்கிற வெள்ளைக் கையுறை. எங்கள் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. எனக்கு வந்ததே கோபம்! இது சுத்தக் கள்ளாட்டம் அல்லவா?

"இன்னா, கிளவுஸ் மாட்டிக்கினு வந்துட்டாரா? இந்த வாட்டி நீ காலி!" என்று வரிசையில் நின்ற பையன்கள் ஓட்டினார்கள்.

என் தம்பியை ஒரு தொடையிலும் என்னை இன்னொரு தொடையிலும் உட்கார வைத்தார்கள். படம் எடுப்பவர் தம்பியைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் தாத்தாவின் வலது கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தேன். கட்டைவிரல் இருந்தது. ஆள்காட்டி விரல் இருந்தது. அடுத்த இரண்டும் பொசுக்கென்று அமுங்கின. உள்ளே பஞ்சு. சுண்டுவிரல் மறுபடி கெட்டியாக இருந்தது.

நிமிர்ந்து முகமூடியைப் பார்த்தேன்.

"சொல்லிடாதடி கண்ணு" என்றது மாமாவின் குரல், எனக்கு மட்டும் கேட்கும்படி. என் பிடியிலிருந்து கையை உருவப் பார்த்தார்.

"வலிக்கிதா மாமா?"

"இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாத."

அட, மாமாவுக்கு ஜெயிக்க ஆசை என்று நினைத்தேன். பாவம், பஞ்செல்லாம் அடைத்து இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். ஆனாலும் சும்மா விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "அப்ப ஊட்டுக்குப் போயி அந்தத் துண்ட எடுத்துட்டு ஒரு தபா காட்டணும்" என்று பேரம் பேசினேன். தாத்தா மணி ஆட்டுவதை நிறுத்தினார். படம் எடுப்பவர் இரண்டு முறை 'ரெடி' சொன்ன பிறகுதான் அந்த முகமூடி மேலும் கீழும் அசைந்தது.

நான் இறங்கியதும் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யாரு? சொல்லு, யாரு?"

"தெரில" என்றேன். ஓவென்று கத்தினார்கள். நான் அம்மாவைத் தேடினேன். தூரத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கடைசிப் பிள்ளை வரை எழுந்திருக்கவில்லை. கைக்குழந்தைகளையும் அந்தக் கையால்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மதியம் பிரியாணி. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். உள்ளறைக் கதவு திறந்தது. மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்துவிட்டுக் கையை என் முன்னால் நீட்டினார். இரண்டு இடத்தில் தோல் வழவழவென்று முடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதானா என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"பாத்தாச்சில்ல? துன்னு" என்றார்.

துண்டை அவர் மறுபடி சுற்றவில்லை. அந்தக் கையாலேயே பிரியாணியை அள்ளினார். பாதி தட்டிலேயே விழுந்தது. மறுபடி அள்ளினார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, அப்படியே சுவரோரம் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

பெற்ற பெண் ஊர் முன்னால் தோற்றுப்போனால் எந்த அம்மாவால் தாங்க முடியும்? ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"அழுவாதம்மா. அடுத்த வருசம் கண்டிப்பா கண்டுபுடிச்சிடறேன்" என்றேன்.