சேலை போர்த்திய கண்ணாடி

என் மனைவி கண் திறந்த அன்று எங்கள் சந்து முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்து, தலையில் ஆபரேஷன் ஆகி, வாரக்கணக்காகக் கண்ணை மூடிக் கிடந்தவள். கண் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்காரர்கள் வாயில் சர்க்கரையைப் போட்டுக்கொண்டு, இனிமேல் கவலையில்லை என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். மடத்தனம். திறந்திருக்கிற கண் வேறு, பார்க்கிற கண் வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதைச் சொன்னவர் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்த டாக்டரம்மா. சின்ன வயசு, கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார். ஆனால் 'அவ்வளவுதான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் எப்போதும் கன்னடத்தில் 'அஷ்டே' என்பார்.

"கண்ணு திறந்திருக்கு, அஷ்டே. முழிச்சிருக்காங்க. ஆனா உள்ள ஏதாவது தெரியுதான்னு என்னால சொல்ல முடியல."

அதைக் கண்டுபிடிக்கத்தான் மாதா மாதம் வரச் சொன்னார். ஒரு சின்ன டார்ச்சை, இல்லாவிட்டால் ஒரு சிவப்புப் பந்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, மெதுவாக ஒரு பக்கமாக நகர்த்துவார். அவள் கண் அதன் கூடவே போக வேண்டும். போனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சி வார்டில் படுக்கை கொடுப்பார்கள், கை கால் பழக்குவார்கள். போகாவிட்டால் வீட்டிலேயே வைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் கண் ஒரு தடவையும் போகவில்லை.

"என்னைப் பார்த்தா திரும்பறா மேடம்" என்றேன்.

"எல்லா வீட்டுக்காரங்களும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். குரலில் குத்தல் இல்லை, இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பந்து பின்னாடி ஓட அவ என்ன பூனைக்குட்டியா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பந்தைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், அவள் என்னைப் பார்த்துத் திரும்பவும் இல்லை. பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வந்ததும், கையில் கிரீஸ் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவேன். டாக்டரம்மா டார்ச்சை நகர்த்துகிற மாதிரி என் முகத்தையே அவள் முன்னால் கொண்டுபோய் மெல்ல நகர்த்துவேன். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ நிற்கும். ஆரம்பத்தில் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள். வந்தாலும் என்ன பேசுவது? டிவியில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு ஒரே பயம்தான். அவளுக்கு எல்லாம் தெரிந்து, உள்ளே ஒண்டியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளோ, அது எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்காது.

அவளைப் பகலில் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா தங்கவயலிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். சுரங்கத்தில் வேலை பார்த்த புருஷனை நெஞ்சு நோய்க்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்ற பொம்பளை. வந்த முதல் நாளே பீரோவில் பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடியின் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி, மேல் விளிம்பில் இடுக்கிவிட்டார். நான் சவரம் செய்கிற கண்ணாடியையும் வெளியே குழாயடி ஆணிக்கு அனுப்பிவிட்டார்.

"மொட்டத் தலையோட பொம்பள கண்ணாடி பாக்கக் கூடாது மாப்ள. தாலி கட்னவன் உசுரோட இருக்கசொல்ல அந்தக் கோலத்த அவ பாக்கவே வேணாம். முடி வளந்து, எய்ந்து உக்காரட்டும், அப்பறம் எடுத்துடலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆபரேஷனுக்காக மழித்த தலை, ஒரு பக்கம் பள்ளம் வேறு. இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தவள் அதைப் பார்த்து என்ன செய்யப்போகிறாள்? மாமியார் தினமும் அவள் நெற்றியில் பொட்டு வைத்துவிடுவார், கண்ணாடி காட்டாமல்.

முடி காதளவு வளர்ந்த பிறகும் சேலை அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் மாமியார் சோறு போட்டுக்கொண்டே சொன்னார். "இந்த வாட்டியும் இல்லன்னுட்டாங்கன்னா நான் இவள எங்கூருக்கு இட்டுக்கினு போயிடறேன். நீங்க சின்ன வயசு. ஒரு வழிய பாத்துக்கோங்க." பாவம், எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த மாதம் டார்ச், பந்து இரண்டுக்கும் கண் அசையவில்லை. டாக்டரம்மா பந்தைக் கீழே வைத்தார். சில பேருக்குத் தங்கள் முகத்தைக் காட்டினால் மட்டும் கண் கூட வரும் என்று படித்திருக்கிறாராம்.

"வீட்டுல கண்ணாடி காட்டியிருக்கீங்களா?"

நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வேணாம்மா" என்றார் மாமியார். "அது ஆவாது."

நான் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே சீப்பு, ரிப்பன் விற்கிற தள்ளுவண்டிக்கு ஓடினேன். சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம் போட்ட கைக்கண்ணாடிதான் கிடைத்தது. பின்பக்கம் ஏதோ ஒரு நடிகை சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா முதலில் நடிகை பக்கத்தைக் காட்டி நகர்த்தினார். எதுவும் இல்லை. திருப்பிக் கண்ணாடிப் பக்கத்தைக் காட்டினார்.

அவள் கண் அதில் வந்து நின்றது. கண்ணாடி இடது பக்கம் போனது, கண்ணும் போனது. திரும்பி வலது பக்கம் வந்தது, கண்ணும் வந்தது. மேலே தூக்கினார், மேலே போனது. மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். ஒன்றும் தப்பவில்லை.

"பார்க்கறாங்க" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கு அவர் அஷ்டே சொல்லவில்லை.

மாமியார் தரையில் உட்கார்ந்து, "நாந்தானே மூடி வச்சேன், நாந்தானே மூடி வச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

அன்றே பயிற்சி வார்டில் படுக்கை கொடுத்தார்கள். மாமியாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே கண்ணாடியைப் பிடித்தேன். அவள் கண் அதில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அந்த ஆசை வந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் அவளுக்குத் தன் முகம் மறைந்து என் முகம் தெரியும். சாய்த்தேன். மெதுவாக நகர்த்தினேன்.

கண் வரவில்லை. நழுவிப் பழையபடி எங்கேயோ போய் நின்றது. நிமிர்த்தி அவள் முகத்தைக் காட்டினேன், உடனே திரும்பி வந்தது. மறுபடி என்னைக் காட்டினேன். போய்விட்டது.

"ஏண்டி, நான் யாருடி?" என்று வாய்விட்டே கேட்டேன். அடுத்த கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

கோபமாக வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவள் உள்ளே தனியாகக் கிடக்கிறாளே என்று அத்தனை நாள் பயந்தேன். அவளுக்கு அவள் இருந்தாள். தனியாக இருந்தது நான்தான். கண்ணாடியை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி, மாமியார் டீ குடித்துவிட்டு வரும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.