சங்கு ஊதிய வத்தல் மூட்டை

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாத மத்தியானம் நடந்தது இது. குளத்தூருக்குப் பக்கத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.யூ.சி. பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் பரீட்சைதான் ஜெயித்திருந்தது. ஊரில் எனக்கென்று இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: அப்பாவுக்குத் தெரியாமல் பீடி குடிப்பது. அதை மட்டும் ஒருநாள்கூட லீவு போடாமல் செய்துகொண்டிருந்தேன்.

அதற்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த இடம் எங்கள் படப்பின் நிழல். அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையையும் கம்மந்தட்டையையும் வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைப்போமே, அந்தப் படப்பு. அடுத்த மழை விழுந்து பச்சை தலைகாட்டுகிறவரை மாடுகளுக்கு அதுதான் சாப்பாடு. எங்கள் ஊரில் எல்லார் படப்பும் களத்து ஓரத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். ஒன்று பற்றினால் அத்தனையும் போச்சு. மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நாமே ஏர் இழுக்க வேண்டியதுதான். இப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தவனின் புத்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, சந்தைக்கு அனுப்பவேண்டிய மிளகாய் வத்தல் மூட்டைகளை எங்கள் படப்பை ஒட்டி அடுக்கியிருந்தார். எனக்கு மெத்தை போட்டதுபோல் ஆயிற்று. ஒரு மூட்டையில் சாய்ந்து இரண்டு இழுப்புதான் இழுத்திருப்பேன், அப்பாவின் இருமல் சத்தம் கேட்டது. பீடியை எங்கே போடுவது? கீழே எல்லாம் தட்டைச் சருகு. போட்டால் பற்றிக்கொள்ளுமே என்று மிகவும் பொறுப்பாக யோசித்து, இரண்டு வத்தல் மூட்டைகளுக்கு இடுக்கில் திணித்துவிட்டு எழுந்து நின்றேன்.

“இங்கன என்னலே செய்யுத?”

“படப்பு சாஞ்சிருக்கான்னு பாக்கேன்யா.”

“படப்பு நேராத்தான் நிக்கி. நீதான் சாஞ்சு கெடந்த. சாப்பிட வா.”

போனேன். மதினி, அதாவது அண்ணன் மனைவி, கம்மங்கஞ்சியில் மோர் ஊற்றினார். பாதிச் சாப்பாட்டில் அப்பா தும்மினார். அடுத்து நான். அப்புறம் வாசலில் கிடந்த நாய். எதிர்வீட்டில் யாரோ இருமினார்கள். கோழிகள்கூடக் கழுத்தை நீட்டி என்னவோ செய்துகொண்டிருந்தன.

“என்ன மதினி, மத்தியானத்துல வத்தலை வறுக்கீங்க?” என்றேன்.

“ஒங்களுக்கு மோர் ஊத்திக்கிட்டு இருக்கேன், கண்ணு தெரியலையா கொழுந்தனாரே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். வத்தல் மூட்டை புகைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கனன்று, தீ படப்பின் ஓரத்தை மோந்து பார்க்க ஆரம்பித்திருந்தது. அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. ஆனால் யாராலும் கிட்டே போக முடியவில்லை. வத்தல் நெடி அப்படி! வாட்டசாட்டமான ஆண்கள் எல்லாம் வாளியும் கையுமாக வரிசையில் நின்று தும்முகிறோம். ஒருவர் தும்மிய வேகத்தில் வாளித் தண்ணீர் முழுவதும் என்மேல்தான் விழுந்தது. தண்ணீர் விழவேண்டிய ஆள்மேல்தான் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

மதினிதான் சேலை முந்தானையை நனைத்து மூக்கை மூடிக்கொண்டு, மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்ப் பானையோடு வந்தார். “காத்து கெழக்க அடிக்கி, எல்லாரும் பொகைக்கு நேரா நின்னு என்ன செய்யுதீங்க? மேக்க சுத்தி வாங்க! சாக்கை நனைச்சுக் கொண்டாங்க!” என்று ஒரு சத்தம். பிறகுதான் எங்களுக்குத் திசை தெரிந்தது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கி, கரிசல் மண்ணை அள்ளிப் போட்டு, ஒருவழியாக அணைத்தோம். படப்பில் ஒரு முழம் கருகியதோடு போயிற்று.

“வத்தல் மட்டும் இல்லன்னா இந்நேரம் எல்லாப் படப்பும் சாம்பல்தான். மில்லுச் சங்கு மாதிரில்லா ஊரைக் கூப்பிட்டுருச்சு!” என்றார் ஒருவர். கண்ணீர் வழிய நின்ற என்னைப் பார்த்து, “பாவம், படப்புக்காக எப்படி அழுதான் பாரு” என்று இன்னொருவர் தட்டிக்கொடுத்தார். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் விசாரணை. அரை மூட்டை வத்தலைப் பறிகொடுத்த அண்ணாச்சி, படப்புக்குப் பக்கத்தில் கிடந்த குப்பைக் குழியைப் பார்த்தார்.

“ஏம்மா, காலைல அடுப்புச் சாம்பல் கொட்டுனது நீதான?”

“தண்ணி ஊத்தி அணைச்சுத்தான் கொட்டுனேன் மாமா,” என்றார் மதினி.

“அப்பம் தீ எங்கன இருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?”

அப்பாவும் மதினியையே பார்த்தார். தீயை அமுக்கியதில் மதினியின் கை கொப்பளித்திருந்தது. தினமும் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார். எனக்குத் தெரியும். “சாம்பலுக்கும் தலைக்கு ஊத்துதீங்களா மதினி?” என்று அன்று காலையில்கூடக் கிண்டல் செய்தவன் நான்தானே.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மதினியின் கொப்பளித்த கையை மறுபடி பார்த்தேன். எப்படியோ வார்த்தை வெளியே வந்துவிட்டது.

“சாம்பல் இல்ல அண்ணாச்சி. பீடி. நாந்தான்.”

களம் முழுவதும் தும்மலை நிறுத்திவிட்டது.

“பீடியா? எவம் பீடிலே?” என்றார் அப்பா.

“ஒங்க பீடிதான்யா.”

“அடப்பாவி! கட்டுல பீடி கொறையுதேன்னு நான் எலிப்பொறில்லா வச்சேன்!”

முதலில் சிரித்தது மதினிதான். அதன் பிறகு ஊரே சிரித்தது. சிரிப்பும் தும்மலுமாக அன்றைக்கே எனக்கு உத்தியோகமும் கிடைத்தது. களத்து ஓரம் இரண்டு தார் டின்கள் வைக்கப்பட்டன. வருஷம் பூராவும் அவற்றில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அடுத்த வருஷத்திலிருந்து படப்புகளுக்கு நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடம் விட்டார்கள். கார்த்திகை விளக்கா, பொங்கல் அடுப்பா, தீபாவளி வெடியா, எதற்கும் என்னைத்தான் வாளியோடு நிற்கவைத்தார்கள். பெயரும் மாறிப்போயிற்று. “ஏலே, பயர் சர்வீசு!” என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன். பீடி? வத்தல் நெடி ஏறிய மூக்கில் அது அப்புறம் ருசிக்கவே இல்லை.

தீப்பிடித்த மறுநாள் காலையில் மதினி ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்து, “வாங்க கொழுந்தனாரே, சாம்பலுக்குத் தலைக்கு ஊத்தணும்லா,” என்றார். ஊற்றினேன். ஒரு கங்கு ‘சொய்ங்’ என்று முணுமுணுத்து அணைந்தது.

இப்போது நான் குடியிருக்கிற கோவில்பட்டி வீட்டில் கேஸ் அடுப்புதான், சாம்பலே கிடையாது. ஆனாலும் படுக்கப் போகுமுன் இரண்டு தடவை எழுந்து சிலிண்டரைத் திருகிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கிண்டல் வாங்குகிறேன். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் படப்புக்கு மேற்கொண்டு ஒன்றும் ஆகியிருக்காது. மதினியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற தைரியம்தான் எனக்குள் சத்தமில்லாமல் கருகிப்போயிருக்கும்.