கருப்பையா ஏட்டு கண்மாயில் குதித்தது

கண்மாய்க் கரையில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் தலைவர், அம்பலகாரர் வெள்ளைச்சாமி. மடை பார்க்கும் சின்னக்கண்ணு. துணி துவைக்க வந்த மூக்காயி. வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த விறகு வண்டிக்காரர் ஒருத்தர். அவருடைய மாடு ரெண்டு. பெயர் தெரியாத ஆம்பிளைகள் பத்துப் பதினைந்து பேர். கருப்பையா ஏட்டு. நான். தண்ணீருக்குள் ஒருத்தர். அவர் யாரென்று அப்போது யாருக்கும் தெரியாது.

இது இப்போது ஞாபகம் வந்ததற்கு என் கணுக்கால்தான் காரணம். போன வாரம் வாசற்படியில் பிசகிவிட்டது. இலுப்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை ஒரு துணிச்சுருளை எடுத்தது. கிரேப் பேண்டேஜ் என்றது. பிரித்ததும் ஒரு வாடை. பெட்டிக்குள் நாளாகக் கிடந்த புதுத்துணி வாடை. போலீசில் சேர்ந்த அன்று காலில் சுற்றிக்கொள்ளப் பட்டி கொடுத்தார்கள், அதில் அடித்த அதே வாடை.

அந்தப் பிள்ளை சுற்றியது தொளதொளவென்று இருந்தது. "குடு ஆத்தா, நானே சுத்திக்கிறேன்" என்றேன். கணுக்காலில் ஆரம்பித்து, மடிப்பு ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி உட்காரும்படி முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்ச் சொருகினேன்.

"தாத்தா, இதெல்லாம் எங்க பழகுனீங்க?"

"போலீஸ்ல."

"அங்க அடிபட்டவங்களுக்கு நீங்களே கட்டுப் போடுவீங்களா?"

"இல்ல. எங்களுக்கு நாங்களே போட்டுக்குவோம். அடிபடாமயே."

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன்.

ராஜா ஆண்ட எங்கள் சமஸ்தானம் போய் மதராசோடு சேர்ந்து அஞ்சாறு வருஷம் ஆகியிருந்த சமயம். போலீஸ் என்றால் அரை டவுசர். கஞ்சி போட்டது. உட்கார்ந்தால் தகரம் மடங்குவது போலச் சத்தம் வரும். முழங்காலுக்குக் கீழே கம்பளிப் பட்டி. காலுக்கு ஒன்று, மூணு கஜம் இருக்கும். வெயில் காலத்தில் உள்ளே எறும்பு போனாலும் தட்டிவிட முடியாது. மரியாதையாக நிற்க வேண்டும்.

ஆள் எடுக்கும்போது உயரம் பார்த்தார்கள். மார்பை அளந்தார்கள். ஓடச் சொன்னார்கள். அஞ்சாம் வகுப்புப் பாடத்தில் நாலு வரி வாசிக்கச் சொன்னார்கள், ரெண்டு வரியில் போதும் என்றுவிட்டார்கள். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. கருப்பையா ஏட்டுக்கும் தெரியாது. அவர் சித்தன்னவாசல் பக்கம் பாறைக்காட்டில் பிறந்தவர். மொத்தமாகத் தண்ணீர் பார்த்ததே அண்டாவில்தான் என்பார்.

எனக்குப் பெயர் உண்டு. ஸ்டேஷனில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இருநூத்தி நாலு, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு ஒரே சைக்கிள். நான் மிதிப்பேன், ஏட்டு பின்னால் உட்காருவார். நல்ல பாரம். மேடு வந்தால் இறங்கி நடப்பார். அவர் எனக்குச் செய்த உதவிகளில் அதை இன்றைக்கும் மறக்க மாட்டேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்து நல்ல வெயில். கிராமத்துக்கு ரோந்து போகிறோம். கண்மாய் தளும்பி நிற்கிறது. பாசி வாடை தூரத்திலேயே வந்துவிட்டது. கரையில் கூட்டம். எங்களைப் பார்த்ததும் கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழிவிட்டது. எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி.

"வாங்க ஏட்டையா" என்றார் அம்பலகாரர். "நாங்க ஒருத்தரும் கை வைக்கலீங்க. அப்படியே வச்சிருக்கோம்."

என்னத்தை வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தோம். கரையிலிருந்து மூணு ஆள் நீளம் தள்ளி, மடைக்கல் ரெண்டு தண்ணீருக்கு மேலே முழம் உயரம் நீட்டிக்கொண்டு நின்றது. அதில் ஒன்றை ஒருத்தர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். வேட்டி சட்டை. முப்பது வயசுக்குள் இருக்கும். கீழே மடை திறந்திருந்தது. தண்ணீர் அவர் காலை இழுத்தது. கல் முழுக்கப் பாசி. வழுக்குவார், ஏறுவார், வழுக்குவார்.

கரைமேல் நடந்து வந்திருக்கிறார். காற்று குடையைப் பிடித்திருக்கிறது. புதுக்குடை போல. விடவில்லை. குடையோடு போய் விழுந்துவிட்டார். குடை மட்டும் மல்லாந்து படகு மாதிரி அக்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கார்யா" என்றார் ஏட்டு.

"ஆமாங்க. இருக்காரு" என்றார் அம்பலகாரர்.

"எடுக்க வேண்டியதுதான?"

அதற்குத்தான் அவர்கள் கதை சொன்னார்கள். முந்தின வருஷம் ஒரு வழிப்போக்கன் இதே கண்மாயில் விழுந்தான். ஊர்க்காரர் ரெண்டு பேர் இறங்கி இழுத்துப் போட்டார்கள். கரைக்கு வந்து செத்துப்போனான். எப்படிச் செத்தான், நீ ஏன் தொட்டாய், அவன் மடியில் என்ன இருந்தது என்று ஆரம்பித்து, ரெண்டு பேரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு நடந்தார்கள். விதைக்க வேண்டிய நாளில் ஒரு வாய்தா. அறுக்க வேண்டிய நாளில் ஒரு வாய்தா. அதிலிருந்து ஊர் கூடி முடிவு செய்துவிட்டது. அசலூர்க்காரர் தண்ணீரில் விழுந்தால் போலீஸ் வந்துதான் தொட வேண்டும்.

"நான் சொல்றேன், எறங்குங்க. யாரையும் சாட்சி போட மாட்டேன்."

"போன ஏட்டையாவும் இதேதாங்க சொன்னாரு" என்றான் சின்னக்கண்ணு.

ஏட்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு நீச்சல்?"

"தெரியாதுங்க."

"சரி, எனக்கும் தெரியாது. பட்டியக் கழட்டு."

ரெண்டு பேரும் கரையில் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தோம். நாலு பட்டியையும் ரெண்டாக மடித்து முறுக்கி முடிச்சுப் போட்டால் கயிறு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பட்டி அவசரத்துக்குக் கழற்றுகிற சாமான் இல்லை. சுற்று சுற்றாகத்தான் வரும். ஊர் மொத்தமும் எங்கள் காலையே பார்த்தது. மடைக்கல்லைக் கட்டிக்கொண்டிருந்தவரும் பார்த்தார்.

"ஐயா, சீக்கிரங்கய்யா" என்றார்.

"இருப்பா. கவர்மெண்ட் சாமான். கிழிஞ்சா நான் பதில் சொல்லணும்" என்றார் ஏட்டு.

முடிச்சுப் போட்டு வீசினேன். ஒரு முழம் பத்தவில்லை. மறுபடி வீசினேன். அதே முழம். அவர் ஒரு கையை நீட்டப் பார்த்து, வழுக்கி, கழுத்து வரைக்கும் போய்த் திரும்பக் கல்லைப் பிடித்தார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

ஏட்டு தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். பெல்ட்டைக் கொடுத்தார். விசிலைக் கொடுத்தார். காதருகில் வந்து சொன்னார்.

"இருநூத்தி நாலு, நான் முழுகுனதும் நீ சத்தமா ஒண்ணே ஒண்ணு சொல்லணும். போலீஸ்காரன் செத்தா ஊர் பூரா சாட்சின்னு சொல்லு."

"முழுகிட்டீங்கன்னா?"

"முழுகுனாத்தான்யா சொல்லணும்."

"வீட்டுல என்னங்க சொல்ல?"

"அதக் கடைசியா யோசிப்போம்" என்றார். குதித்துவிட்டார்.

வயிறு முதலில் பட்டது. தண்ணீர் என் முகம் வரைக்கும் அடித்தது. உள்ளே போனார். ஒரு தடவை மேலே வந்தார். திரும்ப உள்ளே போனார். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதிகம் பேசிப் பழக்கமில்லை. ரெண்டாம் தரம்தான் வந்தது.

"போலீஸ்காரர் செத்தா ஊர் பூரா சாட்சி."

மூக்காயிதான் முதலில் புரிந்துகொண்டது. "அடப்பாவிகளா, அந்தாளு உள்ள போறாருடா. நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் கோர்ட்டுக்கு நடக்கணும்டா" என்றது.

அந்த ஊரில் அத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்பலகாரர் துண்டோடு குதித்தார். விறகு வண்டிக்காரர் வேறு ஊர், அவரும் குதித்துவிட்டார். காலுக்கு ரெண்டு பேர், கைக்கு ரெண்டு பேர், தலைமுடிக்கு ஒருத்தர் என்று ஏட்டைப் பிடித்தார்கள். மடை அவரை இழுத்திருந்ததால் மடைக்கல்லை ஒட்டித்தான் கொண்டுவந்தார்கள். "கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க" என்று அங்கே இருந்தவரிடம் ஒருத்தர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஏட்டைக் கரையில் போட்டார்கள். மீசையெல்லாம் பாசி. ஒரு குடம் தண்ணீர் கக்கியிருப்பார். கண்ணைத் திறந்ததும் மடைக்கல்லைத்தான் பார்த்தார்.

"அவரு?"

"இருக்காருங்க, கவலப்படாதீங்க. நாங்க தொடல" என்றார் அம்பலகாரர்.

ஏட்டு எழுந்தார். முதல் தடவை அவர் தெரியாமல் குதித்தார். மூக்கில் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும். "ஏட்டையா, நில்லுங்க, நில்லுங்க" என்று அம்பலகாரர் கையைப் பிடிக்கப் போனார். கையை உதறிவிட்டுப் பின்னால் நாலடி போய், ஓடிவந்து குதித்தார்.

இந்தத் தடவை நேரே மடைக்கல். போய் விழுந்த வேகத்தில் அந்த மனுஷரின் இடுப்பைப் பிடித்துவிட்டார். போலீஸ் பிடி. கல்லை விட்டு ரெண்டு பேரும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

ஊர்க்காரர்களுக்கு வேறு வழி இல்லை. ஏட்டை எடுக்க வேண்டும். ஏட்டு அவரை விடமாட்டார். சின்னக்கண்ணு மூச்சடக்கிக் கீழே போய் மடையை அடைத்தான். மற்றவர்கள் ரெண்டு பேரையும் சேர்த்து, ஒரு மூட்டையைப் போல உருட்டிக் கரையேற்றினார்கள். கரைக்கு வந்தும் ஏட்டின் விரலை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

அவரைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் இருமினார். மூக்காயி ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதது.

"யாருய்யா நீ?" என்று கேட்டார் அம்பலகாரர்.

"புதுசா போட்ட வாத்தியாருங்க. சவரிமுத்து. ஆவூர்ப் பக்கம்."

"வாத்தியாரா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேங்க. சொல்றப்பல்லாம் வாயில தண்ணி வந்துருச்சு."

அம்பலகாரர் தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாக ஏட்டிடம் வந்தார். "ஏட்டையா, இப்ப நாங்கல்லாம் சாட்சியாங்க?"

ஏட்டு ஈரப்பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்குச் சாட்சி? இங்க என்ன நடந்துச்சு?"

கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. "ஒண்ணும் நடக்கலீங்க" என்றான் சின்னக்கண்ணு.

"அப்பறம் என்ன. வாத்தியாருக்குக் கஞ்சி குடுங்க" என்றார்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். மதராஸ் பக்கத்து ஆள். ஏன் இவ்வளவு ஈரம் என்றார். மழைங்க என்றார் ஏட்டு. இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். வெயில் பல்லை இளித்தது. எங்களைப் பார்த்தார். ஏட்டு மீசையில் பாசி இன்னும் இருந்தது. உள்ளே போய்விட்டார்.

அதனால் ஏட்டுக்கு மெடல் ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். சொல்லியிருந்தால் ஊரே கோர்ட்டுக்கு நடந்திருக்கும். எனக்குக் கிடைத்தது பரேட்டில் திட்டு. கம்பளி சுருங்கிவிட்டது. அப்புறம் என் பட்டி கெண்டைக்காலைத் தாண்டவே இல்லை.

இப்போது பட்டியும் இல்லை, அரை டவுசரும் இல்லை. ரோந்துக்கு ஜீப் போகிறது. அந்தக் கண்மாயில் கருவேலமுள் மண்டி, மடைக்கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. விழ வேண்டுமென்றாலும் தண்ணீர் கிடையாது. கருப்பையா ஏட்டு பென்ஷன் வாங்கிய கொஞ்ச காலத்திலேயே போய்விட்டார். சவரிமுத்து வாத்தியார் அந்த ஊரிலேயே வெகுகாலம் இருந்தார். அவரும் போய்விட்டார்.

அவருடைய மூத்த மகளை ஒரு தடவை பஸ்ஸில் பார்த்தேன். அப்பா உங்களைப் பற்றிச் சொல்லுவார் என்றது. எத்தனை பிள்ளைங்க நீங்க என்று கேட்டேன். ஏழு என்றது. பேரப்பிள்ளைகள் எத்தனை என்றேன். உடனே சொல்ல வரவில்லை. விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தது. நான் இறங்கும் ஊர் வந்துவிட்டது. பஸ் கிளம்பும்வரை எண்ணிவிட்டு, ஜன்னல் வழியாகச் சொன்னது.

இருபத்திரண்டு.