நோர்பரி வீட்டில் ஒரு வெல்ஷ் வைவா

பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே சண்டை பிடிப்பதுபோல ஒரு சத்தம்... தெற்கு லண்டனில், நோர்பரியில் வாடகைக்குப் போன வீட்டில் என் முதல் கிழமை அது. கெட்டில் கொதிக்கிற இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

சண்டை ஒன்றுமில்லை. மெகன் தன் அம்மாவோடு போனில் வெல்ஷ் மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு விலை பற்றியாம்!

இரண்டு பேரும் பிஎச்டி மாணவிகள். நான் லண்டனில், ரயில் தண்டவாளங்களைப் பற்றி. அவள் வேல்ஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டு, முந்தின காலத்தில் லண்டனில் பால்கடை வைத்திருந்த வெல்ஷ் குடும்பங்களைத் தேடி இங்கே வந்திருந்தாள். எனக்கு உடனே லண்டனில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களின் கடைகள்தான் ஞாபகம் வந்தன.

ஒருநாள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். அவளுடைய பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை வெல்ஷ் மொழியிலேயே எழுதலாமாம். கடைசியில் வரும் வாய்மொழித் தேர்வையும், அதுதான் வைவாவையும், அந்த மொழியிலேயே செய்யலாமாம். நேரத்தோடு சொல்லிவிட்டால் வெல்ஷ் தெரிந்த பரிசோதகர்களை அவர்களே ஒழுங்கு செய்வார்கள். கலைச்சொற்களுக்கு உதவவும் ஆள் உண்டு.

நான் வாயைப் பிளந்தேன். பிறகு கேள்வி மேல் கேள்வி... கேட்டால் உண்மையாகவே விடுவார்களா? ஆங்கிலத்தில் எழுதினதைவிடக் குறைவாகப் பார்க்க மாட்டார்களா? மாட்டார்கள் என்று சிரித்தாள்.

ஆய்வேட்டை வெல்ஷ் மொழியில் எழுதியும் முடித்துவிட்டாள். ஆனால் வைவா நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. எழுதுவது வேறு, பேராசிரியர்கள் முன்னால் பேசுவது வேறு. "என்னுடையது அம்மாவோடு பேசுகிற வெல்ஷ்தானே" என்று புலம்பினாள். இத்தனை வருட உழைப்பு, நடுவில் வாயடைத்துப் போனால்? ஆங்கிலத்துக்கு மாற்றுவதானால் வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும்.

பேசிப் பழக ஆள் இல்லாமல் என்னைப் பிடித்தாள். எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாதே என்றேன். அதுதான் வேண்டும் என்றாள்! அவள் தன் ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டே போவாள். எனக்கு விளங்குகிற சொல் காதில் விழுந்தால் நான் மேசையில் தட்ட வேண்டும். விளங்கினால் அது ஆங்கிலம்தானே.

முதல் நாள் மேசை உடையாதது புண்ணியம்.

வியாழக்கிழமை பின்னேரம், தேத்தண்ணி ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது உன் முறை, தமிழில் சொல் என்றாள். தொடங்கினேன். முதல் வசனம் முடிவதற்குள் தட்டத் தொடங்கினவள் நிறுத்தவேயில்லை...

மெகன் வைவாவை வெல்ஷ் மொழியிலேயே செய்தாள். பாஸ்!

அந்தச் சந்தோஷத்தில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் அம்மாவுக்கு போன் எடுத்தேன். என் படிப்பைப் பற்றி அம்மா வழக்கமாகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எப்ப பிள்ளை முடியும்?" அன்று மெகனின் கதையைச் சொல்லிவிட்டு, என் ஆய்வையும் தட்டுத்தடுமாறி விளங்கப்படுத்தினேன்.

"அம்மா, தண்டவாளத்தில வாற வெடிப்பு கண்ணுக்குத் தெரிய முன்னமே, அதின்ர சத்தத்தை வைச்சுக் கண்டுபிடிக்கலாமோ எண்டு பாக்கிறன்."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்ப நான் வேலைக்குப் போற ரயில் பாதையிலயும் வெடிப்பு இருக்குமோ? மழை பெய்யேக்க அந்தச் சத்தம் எப்பிடிக் கேக்கும்?"

இத்தனை வருடத்தில் அம்மா என் ஆய்வைப் பற்றிக் கேட்ட முதல் கேள்விகள். பதில் சொல்லி முடிய இன்னொன்றும் கேட்டார்.

"உன்னையும் தமிழில வைவா செய்ய விட்டா, ஓம் எண்டு சொல்லுவியோ?"

"ஐயோ, ஏலாதம்மா" என்றேன்.

என் வைவா ஆங்கிலத்தில் நல்லபடியாக முடிந்தது. மெகன் இப்போது வேல்ஸில் படிப்பிக்கிறாள். அம்மா ஞாயிறு பூசை முடிந்து சேர்ச் வாசலில் நின்று, தண்டவாள வெடிப்பைப் பற்றி மற்றப் பெண்களுக்கு அழகாக விளங்கப்படுத்துகிறார். நான் பக்கத்தில் நின்று அவருடைய தமிழ்ச் சொற்களைப் பொறுக்கிக்கொள்கிறேன்.

தமிழில் செய்கிறாயா என்று இன்றைக்குக் கேட்டால் ஓம் என்பேன்.

கேட்கத்தான் ஆளில்லை...