கப்பல் நாளில் ஊமையாகும் கம்பி

வெயிலடித்தால் பேசும், மழை பெய்தால் பேசும், மரம் சாய்ந்து இழுத்துக் கட்டிய மறுநாள்கூடப் பேசும். மெட்ராஸ் கப்பல் ஹேடோ துறைமுகத்தில் வந்து நிற்கிற அன்றைக்கு மட்டும் அந்த டெலிபோன் கம்பிக்கு வாய் அடைத்துவிடும். அதோடு மாரடித்தவன் உதயசூரியன்.

பெயரில்தான் சூரியன். ஆள் ஈர விறகு மாதிரி, ஊதி ஊதித்தான் எரியவைக்கவேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஐம்பத்தெட்டில் லைன்மேன் வேலைக்குக் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். கம்பத்தில் ஏறி, கொடியை அறுத்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டு, உப்புக் காற்றில் துருப்பிடித்த முடிச்சை மாற்றி முடுக்கிவிட்டு மின்னி பே குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் சட்டையைக் கழற்றவும் தெம்பிருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். சோறு ஆறிப்போய்க் கிடக்கும். எழுப்பி எழுப்பி அலுத்துப்போய் அவன் மனைவி விசாலாட்சி எழுப்புவதையே விட்டுவிட்டாள்.

ஹேடோ துறைமுக ஆபீசில் தொடங்கி சௌல்தாரி ரேஷன் கோடவுன் வரைக்கும் ஒரே கம்பி. மர மில், சாகிப் பங்களா, ஆஸ்பத்திரி, இன்னும் சில இடங்கள் எல்லாம் அந்த ஒன்றிலேயே தொங்கின. வேலைக்காக உதயசூரியன் வீட்டிலும் ஒரு டெலிபோன் பெட்டி மாட்டியிருந்தார்கள். யாராவது கைப்பிடியைச் சுற்றினால் எல்லாப் பெட்டியிலும் மணி அடிக்கும். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்றால் சௌல்தாரிக்கு. இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. தன் மணி அடித்தால் மட்டும் எடுக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது.

போன கப்பலுக்கு, அரிசி இறங்குகிறது, லாரியை அனுப்பு என்று சொல்வதற்காகத் துறைமுக ஆபீஸ் நாகூர் கனி கை ஓயும்வரை சுற்றிப் பார்த்தார். சௌல்தாரியில் மணியே அடிக்கவில்லை. மூட்டைகள் மழையில் நனைந்து பூசணம் பூத்தன. மேலதிகாரி சாகிப்பிடம் உதயசூரியன் லீவு கேட்டுப் போய் நின்ற நேரமும் அதுதான். சாகிப் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"பஹலே லைன் டீக் கரோ. பிர் சுட்டி."

முதலில் கம்பியைச் சரிபண்ணு, அப்புறம் லீவு. ஊரில் அவன் தங்கை சந்திரமதிக்கு ஆவணியில் கல்யாணம். அப்பா இல்லாத பெண். அண்ணன்தான் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டும். அடுத்து வருகிற கப்பல் திரும்பும்போது ஏறாவிட்டால், அதற்கடுத்த கப்பலில் போய் எச்சில் இலையைத்தான் எண்ணலாம்.

அவன் செய்யாத வேலையில்லை. பீங்கான் குமிழையெல்லாம் மாற்றினான். முடிச்சை எல்லாம் பிரித்துச் சுரண்டிக் கட்டினான். பெட்டிகளுக்குள் இருக்கும் பேட்டரி வேறு ஊறுகாய் ஜாடி மாதிரி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. ஸ்டோரில் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறான் என்று திட்டிக்கொண்டே புதிது போட்டான். கப்பல் நிற்கிற நாளிலேயே கம்பத்தில் ஏறிச் சோதித்தாலும் கம்பி கணீரென்று பேசியது. இறங்கி வந்தால், மணி இன்னும் போகவில்லையே தம்பி என்று நாகூர் கனி உதட்டைப் பிதுக்கினார். பொய் சொல்கிற பிள்ளை வாத்தியார் முன்னால் மட்டும் யோக்கியமாக நிற்குமே, அப்படி இருந்தது.

அதற்கும் அவனே காரணம் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. சோதனை போடுமுன் மூன்று குட்டை மணி அடிப்பது அவன் வழக்கம். லைன்மேன் கம்பியில் இருக்கிறேன் என்று அர்த்தம். யார் காதிலும் சத்தம் உறைக்கக் கூடாதே என்கிற மரியாதை.

கப்பல் வந்தது. ஹேடோவில் சங்கு ஊதியதுமே கம்பி ஊமை. உதயசூரியன் பாதி வழியில் இருந்த கம்பத்துக்கு ஓடினான். அந்த இடத்தில் கம்பியைப் பிரித்துவிட்டு எந்தப் பக்கத்தில் கோளாறு என்று பார்க்கலாம் என்று யோசனை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. கைப்பிடியைச் சுற்றவே தெம்பில்லாமல், மூன்று மணி அடிக்காமல், சோதனைக் கைப்பெட்டியின் கம்பியை மாட்டிக் காதில் வைத்தபடி கம்பத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

காதில் ஒரு சந்தையே கேட்டது.

எங்கோ சேவல் கூவியது. யாரோ மிளகாய் இடித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. ஆலு, அதாவது உருளைக்கிழங்கு, எத்தனை மூட்டை என்று இந்தியில் ஒரு அம்மாள் யாரிடமோ கேட்டாள். அது சாகிப் வீட்டு அம்மாள் குரல். நடுவில் நாகூர் கனி சுற்றுகிற மணி கரகரவென்று தேய்ந்து செத்தது. அதன் மேலேயே, பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ரொம்பத் தெரிந்த ஒரு குரல்.

"செத்த சும்மா இருங்கடி. வெங்காயம் வந்துருக்கா, லெட்டர் மூட்டை இறங்குச்சான்னு கேக்க வேண்டாமா?"

உதயசூரியனுக்கு எல்லாம் விளங்கிப்போனது. ஒரு குழாயில் எல்லா வீட்டுக்காரியும் திறந்து வைத்துக்கொண்டால் கடைசி வீட்டுக்குச் சொட்டு வருமா? எல்லாரும் எடுத்து வைத்துக் கேட்டால் மணியின் தெம்பை அத்தனை காதும் குடித்துவிடும். பேட்டரி தீர்ந்ததும் அதனால்தான். அவன் மூன்று மணி அடித்ததும் எல்லாரும் நல்ல பிள்ளையாக வைத்துவிட்டிருக்கிறார்கள்.

"விசாலம்," என்றான், சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல். "ரிசீவரை வை."

டக், டக்கென்று ஒவ்வொருவராக வைத்தார்கள். அடுத்த சுற்றிலேயே சௌல்தாரி மணி அடித்தது.

வீட்டுக்குப் போனால் பித்தளைத் தவலை இன்னும் பெட்டிக்கடியிலேயே கிடந்தது. ரிசீவரைக் கொக்கியில் மாட்டியதோடு சரி, தவலையை எடுக்க மறந்திருந்தாள். ரிசீவரைத் தவலைக்குள் வைத்தால் சத்தம் பெருகுமாம், பக்கத்து வீட்டு சுசீலாவும் மற்றவர்களும் சேர்ந்து கேட்கலாமாம். கல்யாணம் உன்னால் போச்சு என்று அவன் கத்தவில்லை. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாகிப்பிடம் போய்ச் சொன்னால் முதலில் இந்தப் பெட்டியைத்தான் கழற்றுவார்கள், அப்புறம் வேலையைக் கழற்றுவார்கள் என்றான்.

விசாலாட்சி அழுகிற ஜாதி இல்லை.

"உள்ளதைச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லுங்க. கப்பல்ல என்ன வந்துச்சுன்னு ஒரு மனுஷன் வாய்தொறந்து சொன்னா, நாங்க ஏன் தவலையைத் தூக்கப்போறோம்? கனி அண்ணன் நீளமா ஒரு மணி அடிச்சு, எல்லாருக்கும் ஒருவாட்டி உரக்கச் சொல்லட்டும். கேட்டுட்டு வைக்கிறோம்."

அவன் அப்படியே போய்ச் சொன்னான். முதலில் என் வீடுதான் சாப் என்றான். வேறு யார் யார் என்று சாகிப் பேனாவைத் திறந்தார். எல்லாரும்தான் சாப், பங்களாவும் என்றான். சாகிப் பேனாவை மூடினார். கப்பல் புறப்படும்வரை கம்பி ஒழுங்காக இருந்தால் போகலாம் என்றார்.

நாகூர் கனி நீள மணி அடித்து, உருளைக்கிழங்கிலிருந்து லெட்டர் மூட்டை வரைக்கும் ஒப்பித்தார். ஜனம் கேட்டது, வைத்தது. லாரி கேட்டபோதெல்லாம் வந்தது. லீவுக் கையெழுத்தும் வந்தது.

புறப்படுகிற அன்று மூட்டையோடு துறைமுக ஆபீஸில் நின்றான் உதயசூரியன். கப்பல் கிளம்பப்போகிறது என்று நாகூர் கனி எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். டக், டக் என்று வைத்துக்கொண்டே வந்தார்கள். அவர் ரிசீவரை நீட்டினார்.

"மின்னி பே இன்னும் வைக்கல தம்பி."

அவன் வாங்கிக் காதில் வைத்தான்.

"சந்திரமதிக்குத் திருஷ்டி சுத்திப் போடச் சொல்லுங்க," என்றாள் விசாலாட்சி. "வரும்போது நல்ல புளி வாங்கிட்டு வாங்க. கப்பல்லயாவது சாப்பிட்டுட்டுத் தூங்குங்க."

டக்.

அவன் ஏறிப் படுத்தான். சாப்பிடவில்லை. கப்பல் கரையை விடுமுன்னே தூங்கிப்போனான்.